எம்இபி-803ஏ: இராணுவ உபரி ஜெனரேட்டரை ஓடவைத்து வீட்டுக்கு மின்சாரம் எடுத்தல்

அமெரிக்க இராணுவம் கழித்துவிடும் எம்இபி-803ஏ என்ற 10 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரை ஏலத்தில் எடுத்து வீட்டின் பின்புறம் நிறுத்துவது ஏன் என்பதை, 2021 பிப்ரவரி உறைபனியையும் 2024 ஜூலையில் வந்த பெரில் சூறாவளியையும் டெக்சஸில் இருந்து அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஓடவில்லை’ என்ற குறிப்புடன் விற்கப்படும் இவ்வகை இயந்திரங்களில் பலவற்றுக்கு உண்மையில் பெரிய பழுது எதுவும் இருப்பதில்லை. பேட்டரியும் சில சுவிட்சுகளும் சரியான நிலையில் இல்லாததே காரணம். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். ஆயில், டீசல் பில்டர், கூலன்ட் ஆகியவற்றை மாற்றுவது எந்த டீசல் வண்டிக்கும் பொதுவானது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

வாங்கும் முன்பே பெயர்த்தகட்டைப் படியுங்கள். 803ஏ என்பது 60 ஹெர்ட்ஸ் தருவது. வெளித்தோற்றத்தில் அதேபோல் இருக்கும் 813ஏ என்பது 400 ஹெர்ட்ஸ் தருவது. பின்னதில் வீட்டுச் சாதனம் எதையும் இயக்க முடியாது, வேகத்தைக் குறைத்து 60-க்குக் கொண்டுவரவும் முடியாது. விலை மலிவாக இருக்கிறதே என்று 813ஏ-வை எடுத்துவிடாதீர்கள். அடுத்து, டிஎம் 9-6115-642-10 என்ற எண்ணுள்ள இயக்குநர் கையேட்டையும், அதே எண்ணில் 24 என்று முடியும் பராமரிப்புக் கையேட்டையும் தேடி எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். கிரீஸ் படிந்த விரலால் கைப்பேசித் திரையில் மின்சுற்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்கு ஒருபோதும் ஒத்துவரவில்லை.

இதன் மின்னமைப்பு 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். ஒன்று புதியது, மற்றொன்று பழையது என்று கலக்காமல் ஒரே வகையில் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஓய்வில் 25 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது சுமார் 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ கேபிள் முனைகளையோ சந்தேகிக்கலாம். காரிலிருந்து 12 வோல்ட் கேபிளை இழுத்து உயிர்கொடுக்க முயலாதீர்கள். வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறுவதற்காகப் பக்கவாட்டில் உள்ள நேட்டோ இணைப்பு 24 வோல்ட்டுக்கானது. ஹம்வீ போன்ற இராணுவ வண்டிகளில் இருப்பதும் இதே வகைதான்.

இனி சுவிட்சுகள். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் அழுத்தப்பட்ட நிலையிலேயே நின்றிருந்தால் இன்ஜின் ஓடாது. அதை வெளியே இழுத்து விடுங்கள். உள்ளே டெட் கிராங்க் என்றொரு சிறிய சுவிட்ச் உண்டு. டீசல் செலுத்தாமல் இன்ஜினை வெறுமனே சுழற்றிப் பார்ப்பதற்கானது. நெடுநாள் நின்ற இயந்திரமாக இருந்தால் முதலில் இதைக் கொண்டு சுழற்றி இன்ஜின் இறுகவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு மறவாமல் நார்மல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பேட்டில்ஷார்ட் சுவிட்சைத் தொடவே வேண்டாம். போர்க்களத்தில் இயந்திரம் எரிந்தாலும் மின்சாரம் நிற்கக் கூடாது என்ற தேவைக்காகப் பெரும்பாலான பாதுகாப்புகளைத் துண்டிக்கும் அமைப்பு அது.

அடுத்தது மின்னழுத்தத் தேர்வு. 120 வோல்ட், 120/240 வோல்ட், மூன்று கட்ட (த்ரீ பேஸ்) 120/208 வோல்ட் என்று மூன்று நிலைகள் உள்ளன. அமெரிக்க வீட்டுக்கு 120/240 வோல்ட் நிலையே பொருந்தும். இயந்திரம் ஓடும்போது இதை ஒருபோதும் திருப்பக் கூடாது.

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இனி வருவது. மாஸ்டர் சுவிட்சை பிரைம் அண்ட் ரன் நிலையில் வைத்ததும் மின்சார எரிபொருள் பம்பு டிக் டிக் என்று ஓடும். டாங்கி காலியாக வந்த இயந்திரத்தில் சில நிமிடங்கள் அப்படியே விடுங்கள். பிறகு ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பிப் பிடியுங்கள். காரில் இன்ஜின் பற்றியவுடன் சாவியை விட்டுப் பழகிய கை இங்கும் உடனே விட்டுவிடுகிறது. இன்ஜின் சில நொடிகளில் அணைந்துவிடுகிறது, அல்லது ஓடிக்கொண்டே இருந்தும் வோல்ட் மீட்டர் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. உடனே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் நிலையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன: குறைந்த ஆயில் அழுத்தத்துக்கான பாதுகாப்பு தற்காலிகமாக விலக்கப்படுகிறது, நெடுநாள் நின்று எஞ்சிய காந்தத்தன்மை குன்றிப்போன ஆல்டர்னேட்டருக்கு (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) அந்தக் காந்தத்தை மீண்டும் எழுப்பப் பேட்டரியிலிருந்து கிளர்ச்சி மின்னோட்டம் தரப்படுகிறது. எனவே ஆயில் அழுத்தம் 25 பிஎஸ்ஐ-யைத் தாண்டி, வோல்ட் மீட்டர் உரிய அளவுக்கு ஏறி, வேகமும் நிலைபெறும்வரை கையை எடுக்காதீர்கள். இன்ஜின் பற்றவே இல்லையென்றால் 15 நொடிக்கு மேல் சுழற்றாமல் ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள். இன்ஜினைப் பற்றவைக்க, எளிதில் தீப்பிடிக்கும் ஈதர் தெளிப்பானைக் காற்று வடிகட்டியில் அடிக்கும் பழக்கத்தை நான் எந்த டீசல் இன்ஜினுக்கும் ஏற்பதில்லை.

ஓடத் தொடங்கியபின் பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 28 வோல்ட் வர வேண்டும். அலைவெண்ணை வேகக் கட்டுப்பாட்டுக் குமிழால் சரிசெய்யலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடினால் 60 ஹெர்ட்ஸ். சுமை ஏறும்போது வேகம் சற்று இறங்கும் என்பதால் வெறுமனே ஓடும்போது 61-ஐ ஒட்டி வையுங்கள். பலகையில் உள்ள பழைய முள் மீட்டரை நம்புவதைவிட, ஹெர்ட்ஸ் அளக்கும் வசதியுள்ள நல்ல கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) ஒன்றை வாங்குவது மேல். என்னைக் கேட்டால் முதல் செலவு அதுவாகவே இருக்க வேண்டும். 240 வோல்ட் நிலையில் ஒவ்வொரு முனையிலும் 52 ஆம்பியர் என்ற வரம்பைக் கண்காணிக்கவும் அதுவே உதவும்.

வீட்டோடு இணைப்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். ஜெனரேட்டரும் தெரு மின்சாரமும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் டிரான்ஸ்பர் சுவிட்ச் அல்லது இன்டர்லாக் இல்லாமல் இணைத்தால், தெருக் கம்பியில் வேலைசெய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. புகைக்குழாய் வீட்டை நோக்கி இருக்கக் கூடாது. கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை 1: எர்த் கசிவுப் பாதுகாப்புள்ள பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். நியூட்ரலும் எர்த்தும் ஜெனரேட்டரின் முனைப் பலகையிலும் வீட்டுப் பேனலிலும் ஆக இரண்டு இடங்களில் பிணைந்திருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிணைப்பு ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: புகைக்குழாயில் கருப்பாக எண்ணெய் வடிகிறது, பிஸ்டன் ரிங் போய்விட்டதா என்று இன்னொருவர் கேட்டார். மாதந்தோறும் சுமையில்லாமல் ஓட்டிவந்தால் முழுதும் எரியாத டீசல் இப்படித்தான் சேரும். 1500 வாட் அறைச் சூடேற்றிகள் ஐந்தை இரு முனைகளுக்கும் பிரித்து மாட்டினால் 7.5 கிலோவாட், அதாவது முக்கால் பங்குச் சுமை கிடைக்கும். வடிதல் நிற்கும்வரை சில மணி நேரம் அப்படி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் வடிந்தால் மட்டும் இன்ஜெக்டர்களைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.