நத்தாருக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் 25ஆம் திகதிக்குப் பத்து நாள் முன்னரே வீடு போய்ச் சேருங்கள்

நத்தார் என்னும் கிறிஸ்மஸ் வரும் டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக நினைப்பவர்களில் பெரும்பாலானோர், பாடசாலை மூடும் நாளையும் விமானச் சீட்டின் விலையையும் பார்த்து, 22ஆம் அல்லது 23ஆம் திகதி கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்படி பயணத்தை வைத்துக்கொள்கிறார்கள். நானும் முதன்முறை அப்படித்தான் செய்தேன். மழையில் இரவுப் பேருந்து தாமதித்து, 24ஆம் திகதி பின்னேரம் பெரியம்மா வீட்டுப் படலையை நாங்கள் திறந்தபோது, பலகாரம் முழுவதும் சுட்டு முடிந்து பேணிகளில் அடைபட்டிருந்தது. இயேசு பாலன் பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் கட்டியாகிவிட்டது, கேக் துண்டுகளும் தாளில் சுற்றியாகிவிட்டன. பிள்ளைகள் மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டார்கள், புது உடுப்புப் போட்டார்கள், எல்லோருடனும் படம் எடுத்தார்கள், விருந்தாளிகளாகவே திரும்பினார்கள். எங்கள் வீடுகளில் நத்தார் என்பது 25ஆம் திகதிக்கு முந்திய பத்து நாட்களில் நடக்கும் வேலைதான் என்பதை அடுத்த பயணத்தில்தான் அவர்கள் கண்டார்கள். ஆகையால் முடிந்தால் 15ஆம் திகதிக்குள் ஊரில் நில்லுங்கள். விடுமுறை போதாது என்றால் பின்பக்கத்தில் நாட்களைக் குறையுங்கள், முன்பக்கத்தில் குறைக்காதீர்கள்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பண்டிகைக்கு முந்திய வாரத்தில் புகையிரத ஆசனங்களும் வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவுப் பேருந்துகளின் ஆசனங்களும் வேகமாக முடிந்துவிடும் என்பதால், ஊரிலுள்ள ஒருவரைக் கொண்டு முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர் சென்னை வழியாக நேரே யாழ்ப்பாணத்தில் இறங்கும் வழியும் உண்டு. ஆயினும் அந்தச் சேவையின் அட்டவணையைப் பயணத்துக்கு முன்னர் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் எங்கள் ஊரில் வடகீழ்ப் பருவமழையின் காலம், அதோடு டெங்கு பரவும் காலமும்கூட. பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் நுளம்புக்குப் பூசும் களிம்பும் எடுத்துச் செல்லுங்கள். முற்றத்திலும் ஒழுங்கையிலும் வெள்ளம் நிற்கும் என்பதால் தோல் சப்பாத்தை விடச் செருப்பே உதவும்.

இனி வீட்டுக்குள் வருவோம். பலகாரச் சூடு ஒருநாள் வேலை அன்று. பயறு வறுத்து, தோல் நீக்கி, திரித்து, அரித்து எடுக்கவே ஒரு பகல் போய்விடும். பயற்றம் பணியாரத்துக்குச் சீனியோ சர்க்கரையோ பாகு காய்ச்சும்போது பதம் பார்ப்பவர் ஒருவர்தான் இருப்பார், பெரும்பாலும் வீட்டில் மூத்த பெண்மணி. அந்த நேரத்தில் அவரோடு பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். உருண்டை பிடிப்பது, முறுக்கு உரலில் மா திணிப்பது, சிப்பிப் பலகாரத்தைச் சீப்பின் மேல் வைத்து உருட்டுவது, கொக்கிஸ் அச்சை எண்ணெயில் சூடாக்கி மாவில் தோய்ப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளும் செய்யலாம். முதல் இருபது உருண்டை உடைந்துதான் போகும், அதற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள். அரிசி மாவும் பாகும் சேர்ந்த அரியதரத்துக்கு மட்டும் புதியவர்களைக் கிட்ட விடமாட்டார்கள், அதன் பதம் தப்பினால் முழு மாவும் வீணாகிவிடும். கடையில் நல்ல பலகாரம் கிடைக்கும்போது ஏன் இவ்வளவு பாடு என்று கேட்க உங்களுக்குத் தோன்றலாம். தயவுசெய்து கேட்காதீர்கள். அடுப்படியைச் சுற்றி இருக்கும் அந்த இரவுகளில்தான் இடம்பெயர்ந்த கதைகளும், யார் யாருக்கு என்ன உறவு என்பதும், இறந்தவர்களின் பேச்சும் வரும். அந்தப் பேச்சைப் பிள்ளைகள் வேறெங்கும் கேட்க முடியாது.

கேக் விடயத்தில் ஒரு சிறு விளக்கம். இலங்கையின் நத்தார் கேக் கஜு, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), பூசணித் தோசி (சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டு), இஞ்சிப்பாகு என்பவற்றைப் பொடியாக வெட்டி ஊறவைத்து, ரவையும் முட்டையும் சேர்த்துச் செய்யும் கனமான கேக். வெட்டும் வேலைக்கே நாலைந்து பேர் வேண்டும். அம்மம்மாவின் காலத்தில் வீட்டில் அவண் இல்லாதபடியால் கலவையைத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டு ஒன்றைச் செருகி, சந்தியிலுள்ள பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவந்தார்கள். பாண் சுட்டு முடிந்த பின்னர் அடங்கியிருக்கும் சூடுதான் கேக்குக்கு ஏற்றது என்று அவர் சொல்வார். நீங்கள் வெளிநாட்டிலிருந்து எதையாவது கொண்டுபோக விரும்பினால், இந்தக் கேக்குக்கான உலர்ந்த பழங்களையும் நல்ல பாதாமையும் கொண்டுபோங்கள். மழைக்காலமானாலும் உருகிவிடும் சொக்லேற்றை விட அவை அந்த வீட்டாருக்குப் பயன்படும்.

பாலன் குடில் பெரும்பாலும் இளைஞர்களின் பொறுப்பு. கிடுகும் பனையோலையும் வைக்கோலும் கொண்டு கூரை வேய்ந்து, கடல்மணல் பரப்பி, மலைக்குக் கடதாசியைக் கசக்கி நிறம் பூசுவார்கள். எங்கள் வீட்டில் பழைய தட்டுகளில் நெல்லை முளைக்கப்போட்டு, பச்சை எழும்பியதும் குடிலின் முன்னே வயலாக வைப்பது வழக்கம். அது எழும்ப ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும் என்பதால், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை. நத்தார் மரத்துக்குச் சவுக்கங்கிளை வைத்த வீடுகள் பல. இப்போது பிளாஸ்ரிக் மரமே அதிகம். வடமராட்சியின் மணற்காட்டுச் சவுக்கங்காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாபகத்துக்காகக்கூட அங்கே கிளை முறிக்கக் கூடாது. குடிலில் பாலனின் சுரூபம் (சிலை) மட்டும் 24ஆம் திகதி நள்ளிரவு வரை இருக்காது. வெறுமையாக இருக்கும் அந்த வைக்கோலைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டால், பாலன் பிறப்பது நள்ளிரவில்தான் என்ற காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள், பூசை முடிந்து வந்து பாலனை வைக்கும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டிக்கு விடுங்கள்.

பூசைக்குப் போவதற்கு முன்னர் ஊரின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நடுச்சாமப் பூசையே பெரியது. 1816ஆம் ஆண்டு தெல்லிப்பளையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் வழிவந்த குடும்பங்களிலும் ஏனைய சீர்திருத்தத் திருச்சபைகளிலும் 25ஆம் திகதிக் காலை ஆராதனைக்கே குடும்பமாகப் போவார்கள். ஒரே குடும்பத்தில் இரு பக்கமும் இருந்தால் இரண்டுக்கும் போங்கள், ஒரு பக்கத்தை மட்டும் தெரிந்தெடுப்பது மனத்தாங்கலைத் தரும். பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) கடைசி நாட்களில் வரிசை நீளும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் பெருநாள் வழிபாடுகளில் பாதுகாப்புச் சோதனை உண்டு, பெரிய பைகளைக் கொண்டுபோகாதீர்கள். பெண்கள் சேலையிலோ தோள் மூடிய உடையிலோ போவதே வழக்கம். பூசை நடக்கும்போது கைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பது ஊர்ச்சனத்தை உண்மையில் நோகச் செய்கிறது.

வெடி கொளுத்துவதைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். நள்ளிரவில் பையன்கள் வெடி கொளுத்துவார்கள், அது ஊர் வழக்கம். ஆனால் அடுத்த வீட்டில் போரில் பிள்ளையை இழந்த ஒருவர் இருக்கலாம், சத்தம் கேட்டால் இன்றும் உடல் நடுங்கும் ஒருவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். உங்கள் பணத்தில் பெட்டி பெட்டியாக வெடி வாங்கிக்கொடுப்பதைத் தவிர்த்து, மத்தாப்போடும் பூந்திரியோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

25ஆம் திகதி விடிய இடியப்பமோ அப்பமோ இறைச்சிக் கறியோடு இருக்கும். அந்த இறைச்சி பெரும்பாலும் பங்கு இறைச்சி. அயலவர் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நல்ல கிடாய் ஒன்றை வாங்கி, விடியற்காலையில் வெட்டி, எலும்பும் ஈரலும் எல்லாப் பங்குக்கும் சமமாக வரும்படி பனையோலையில் கூறு வைத்துப் பிரிப்பார்கள். பங்குக்குப் பெயர் கொடுக்கும் நாளைக் கேட்டறிந்து உங்கள் பங்குக் காசை நேரத்தோடு கொடுத்துவிடுங்கள். முழு ஆட்டையும் நானே வாங்கித் தருகிறேன் என்று முன்வருவது அன்பினால் வந்தாலும், ஒவ்வொருவரும் காசு போட்டுச் சமமாகப் பெறும் அந்த ஏற்பாட்டை அது குலைத்துவிடும்.

பின்னர் தட்டுகள் புறப்படும். பலகாரத் தட்டை வெள்ளைத் துணியால் மூடி அயல் வீடுகளுக்குக் கொண்டுபோவது பிள்ளைகளின் வேலை. சைவ அயலவர்களுக்கு அனுப்பும்போது நாளைப் பார்க்க வேண்டும். டிசம்பரில் பிள்ளையார் பெருங்கதை விரதமும், சில ஆண்டுகளில் திருவெம்பாவையும் நத்தாரை ஒட்டி வரும். விரதகாரர் இருக்கும் வீட்டுக்கு முட்டை சேர்ந்த கேக்கை அனுப்பாமல், தனிச் சட்டியில் சுட்ட முறுக்கும் பயற்றம் பணியாரமும் வாழைப்பழமும் அனுப்புவார்கள். விரத வீடுகளுக்கான அந்தத் தட்டுகள் மட்டும் இறைச்சி வேலை தொடங்குவதற்கு முன்னரே போய்விட வேண்டும் என்பதில் பெரியம்மா மிகக் கண்டிப்பாக இருப்பார். தைப்பொங்கலன்று அதே தட்டு பொங்கலோடு திரும்பி வரும். தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் இல்லை, அவசரத்துக்குச் சிறிது சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள்.

அந்த ஆண்டில் சாவு நடந்த வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள், நட்சத்திரமும் கட்டமாட்டார்கள். அங்கே வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நுழையாமல், பலகாரத்தைக் கொடுத்துச் சற்று நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள். நீங்கள் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவராக இருந்தால், எந்த விருந்துக்கும் முன்னர் அந்த வீட்டுக்கும் சேமக்காலைக்கும் (கல்லறைத் தோட்டத்துக்கும்) போவதே முறை. 26ஆம் திகதியும் அப்படிப்பட்ட நாள்தான். 2004இல் ஞாயிற்றுக்கிழமையாக இருந்த அந்தக் காலையில் கடல் சுனாமியாக வந்து, முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் நத்தார் உடுப்போடு இருந்த பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஆண்டுதோறும் காலை 9.25க்கு மௌன அஞ்சலி நடக்கிறது, உடுத்துறையிலுள்ள சுனாமி நினைவாலயத்தில் உறவுகள் கூடி விளக்கேற்றுவார்கள். அன்று கடற்கரைக்கு உல்லாசப் பயணம் வைக்காதீர்கள்.

வீடு வீடாகப் போகும்போது எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்: "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?" இரண்டாவது கேள்வியைத் துரத்தும் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு எந்த நாளில் சமைத்துப் போடலாம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் தேநீர்கூட வேண்டாம் என்பது அவமதிப்பாகிவிடும் என்பதால், ஒரு நாளில் மூன்று வீடுகளுக்கு மேல் வைக்காதீர்கள். வெளிநாட்டில் யாருமில்லாத உறவினர் வீட்டை முதலில் வையுங்கள். அவர்கள்தான் நீங்கள் வராமல் போய்விடுவீர்களோ என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அன்பளிப்பு எதுவானாலும் பலர் முன்னிலையில் பிரித்துக் கொடுக்காமல், காசாக இருந்தால் உறையில் இட்டு, வீட்டின் மூத்தவரிடம் தனியே கொடுங்கள். இரவில் குடும்பச் செபம் தொடங்கினால், உங்களுக்குச் செபமாலை மறந்துபோயிருந்தாலும் பாயில் உட்காருங்கள். செபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய் நெற்றியில் சிலுவை வாங்குவார்கள், உங்கள் பிள்ளைகளையும் அந்த வரிசையில் அனுப்புங்கள்.

குடில் மூவிராசாக்கள் திருநாள் வரை இருக்கும். ஜனவரி முதல் வாரம் வரை நிற்பவர்கள் அதைப் பிரிக்கும் வேலையிலும் சேருங்கள். சுரூபங்களைத் துடைத்து, பழைய சேலைத் துண்டில் ஒவ்வொன்றாகச் சுற்றி, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று எழுதி அலுமாரிக்கு மேலே வைப்பார்கள். பயணப் பெட்டிக்குப் பெரியம்மா கட்டித்தரும் பலகாரத்தில் முறுக்கு நொறுங்கிவிடும், அதைக் கைப்பையில் வையுங்கள். பயற்றம் பணியாரம் ஈரம் படாமல் பேணியில் இருந்தால் சில கிழமைகளுக்குக் கெடாது.