ஒரே ஆளைப் பலமுறை அளந்த தரவில் இடைவினையைச் சோதிப்பது எப்படி?

இரண்டு குழுவினரின் ரத்த அழுத்தத்தை 0, 4, 8 ஆகிய வாரங்களில் அளந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொன்றுக்குப் பழையது. அழுத்தம் குறைந்ததா என்பதல்ல கேள்வி. இரு குழுவிலும் ஒரே மாதிரி குறைந்ததா என்பதுதான். ஒரே மாதிரி குறையவில்லை என்றால், அங்கே குழுவுக்கும் நேரத்துக்கும் இடைவினை இருக்கிறது.

முதலில் அட்டவணையை நீள வாக்கில் மாற்றுங்கள். ஆளுக்கு ஒரு வரி அல்ல, அளவீட்டுக்கு ஒரு வரி. நபர், குழு, வாரம், அழுத்தம் என நான்கு பத்திகள் போதும்.

அப்புறம் வரைபடம். ஒவ்வொருவருக்கும் மெல்லிய கோடு, குழுச் சராசரிக்குத் தடித்த கோடு. தடித்த கோடுகள் ஏறக்குறைய இணையாகப் போனால் இடைவினைக்கான அறிகுறி இல்லை. இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பி மதிப்புக்கு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) போகாதீர்கள்.

இப்போது கணக்கு. புது மருந்தில் சராசரி 150-லிருந்து 138 ஆகிறது, பழையதில் 150-லிருந்து 147. குறைவு 12, 3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 9. சோதிக்க வேண்டியது இந்த 9-ஐத்தான். இரண்டே தடவை அளந்திருந்தால் வேலை சுலபம்: ஆளாளுக்கு மாற்றத்தைக் கழித்தெடுத்து, இரு குழுக்களையும் சாதாரண டி சோதனையில் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) ஒப்பிடுங்கள். அந்த டி-யின் வர்க்கமும், அனோவா (பல சராசரிகளை ஒரே சமயத்தில் ஒப்பிடும் முறை) இடைவினைக்குத் தரும் எஃப் என்ற சோதனை மதிப்பும் ஒன்றே.

பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குழுவின் குறைவையும் தனித்தனியே சோதித்து, புது மருந்தில் பி 0.03 (வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே), பழையதில் 0.08 (அதற்கு மேலே), ‘ஆகவே புது மருந்தே மேல்’ என்று எழுதிவிடுவார்கள். இதில் இரு குழுக்களும் ஒப்பிடப்படவே இல்லை!

மூன்று தடவையோ அதற்கு மேலோ என்றால் பழைய வழி அனோவா. எந்த இரண்டு வாரங்களை எடுத்தாலும் வித்தியாசங்களின் பரவல் சமமாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். இல்லாவிட்டால் அதைச் சரிக்கட்டும் கிரீன்ஹவுஸ்–கெய்சர் திருத்தம் தேவை. ஒரு வாரம் வராதவரை மென்பொருள் பெரும்பாலும் முழுதாகவே நீக்கிவிடும். அதனால் என் ஓட்டு கலப்பு மாதிரிக்கு (mixed model): பொதுவான போக்கையும் ஆளுக்கு ஆள் வேறுபாட்டையும் சேர்த்தே கணக்கிடும் இது, ஒரு வாரம் வராதவரின் மற்ற அளவீடுகளையும் பயன்படுத்தும். ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் அதன் வாய்பாடு இந்த வடிவில் வரும்:

அழுத்தம் ~ குழு * வாரம் + (1 + வாரம் | நபர்)

நட்சத்திரக் குறி இரு காரணிகளையும் இடைவினையையும் சேர்க்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது ஆளுக்கு ஆள் தொடக்க அளவும் சரிவும் (வாரத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பதும்) மாறலாம் என்கிறது. நட்சத்திரத்துக்குப் பதில் கூட்டல் குறி போட்ட மாதிரியோடு இதை ஒப்பிட்டால் இடைவினைக்கான சோதனை கிடைத்துவிடும்.

சரி, இடைவினை இருக்கிறது. முடிவுப் பட்டியலில் ‘குழு’ என்ற வரியைப் பார்த்து, அதுவே மருந்தின் மொத்த விளைவு என்று படிக்காதீர்கள். வாரத்தை எண்ணாகக் கொடுத்திருந்தால், அது 0-வது வாரத்தில், அதாவது மருந்தே தொடங்காதபோது, இருந்த வித்தியாசம் மட்டுமே.