‘லாட்கா பாவ்’ பயிற்சி: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் கோட்டைவிடும் இடங்கள்

மகாராஷ்டிர அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த முதலமைச்சர் இளைஞர் பயிற்சித் திட்டத்தை மும்பையில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ‘லாட்கா பாவ்’ (மராத்தியில் ‘செல்லச் சகோதரன்’) திட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். படிப்பை முடித்து வேலையில்லாமல் இருக்கும் 18 முதல் 35 வயது வரையிலான ஆட்களை அரசு அலுவலகத்திலோ தனியார் நிறுவனத்திலோ பயிற்சிக்கு அமர்த்தி, மாதப் பணத்தை அரசே தருகிறது. 12-ம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐடிஐ அல்லது டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 10,000. முதலில் 6 மாதம் என்று இருந்ததை 2025-ல் 11 மாதமாக நீட்டினார்கள். சேர்க்கை எப்போது நடக்கிறது என்பதை மகாராஷ்டிர அரசின் வேலைவாய்ப்புத் தளமான மகாஸ்வயத்தில் நேரடியாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் பழைய செய்தி.

தாராவி, சயான் கோலிவாடா, சீத்தா கேம்ப் என்று மும்பையில் தமிழர் வாழும் பகுதிகளின் பிள்ளைகளுக்குத் தகுதி இருக்கிறது. கோட்டைவிடுவது காகிதத்தில்தான்.

முதல் சிக்கல் பெயர். நமக்கு இனிஷியல் போதும். இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். முத்துக்குமார் என்று ஒரு பையனை வைத்துக்கொள்வோம். ஆதாரில் ‘முத்துக்குமார் எஸ்’, பாஸ்புக்கில் ‘எஸ் முத்துக்குமார்’, மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முன்னால். பள்ளியில் சேர்த்த அன்றைக்கே சாதிப் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்ட வீடுகளும் உண்டு. பார்க்கிறவருக்கு இது மூன்று ஆள். ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப மாற்றுங்கள். 10-ம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மூலமாக வைப்பதே நல்லது, பின்னால் எந்த வேலைக்கும் அதைத்தான் கேட்பார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அவசரத்தில் கடைக்காரர் சொன்ன எழுத்துக்கூட்டலில் ஒரு வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள்.

அடுத்தது டொமிசைல் சான்றிதழ், அதாவது இந்த மாநிலத்தவர் என்பதற்கான சான்று. 15 வருடம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்ததைக் காட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் தலைப்பிரசவத்துக்கு அம்மா திருநெல்வேலிக்குப் போயிருப்பார். பிறப்புச் சான்றிதழ் அந்த ஊரில். இரண்டு மூன்று வகுப்பு ஆச்சி வீட்டிலிருந்து படித்திருப்போம். அந்த வருடங்களுக்கு இங்கே பள்ளிப் பதிவு கிடையாது. தாராவியிலேயே வளர்ந்த பிள்ளையும் காகிதத்தில் வெளியூர்க்காரராகத் தெரிவது இப்படித்தான். அப்பா பெயரில் உள்ள பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, பள்ளி விட்ட சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அறிவிப்பு வந்தபிறகு, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் சேது மையத்தில் வரிசையில் நின்றால் கடைசித் தேதி போய்விடும்.

வங்கிக் கணக்கில் பலர் ஏமாறுவது ஒரு நுணுக்கத்தில். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. பணம் கடைசியாக எந்தக் கணக்கில் அப்படிப் பதிவு செய்தீர்களோ அதற்குத்தான் போகும். கல்லூரி உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்காக அது இருக்கலாம். இரண்டு வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆதார் தளத்தில் உள்நுழைந்தால் எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்று இலவசமாகவே தெரியும்.

உள்ளே போனபிறகு வருவது வருகைப் பதிவு. ஒரு மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் வராவிட்டால் அந்த மாதப் பணமே கிடையாது. முதல் மாதத்திலேயே விட்டுப் போனாலும் அப்படித்தான். ஊரில் அம்மன் கொடை என்றால் ரயிலில் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள், நடுவில் ஒரு வாரம். கணக்கு சரியாகப் பத்தில் போய் நிற்கும். கொடைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மாதக் கடைசியில் நான்கு நாளும் அடுத்த மாதத் தொடக்கத்தில் மிச்சமும் விழுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

பதிவு செய்ய ஒரு பைசா கட்டணம் இல்லை. ‘பி.எம்.சி. (மும்பை மாநகராட்சி) ஆபீஸில் இடம் வாங்கித் தருகிறேன்’ என்று ஐயாயிரம் கேட்கும் அண்ணன்களிடம் அதைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, இதை வேலை என்று நம்பி உட்கார்ந்திருப்பது. நிரந்தரமாக்கு என்று பயிற்சி பெற்றவர்கள் மும்பை ஆசாத் மைதானம் வரை போய்ப் போராடினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அலுவலகங்கள் அவர்களை ஊழியர் போலத்தான் நடத்தின. ஆனாலும் விதி பயிற்சி என்றே சொல்கிறது. ஒருமுறைதான் சேரலாம். பி.எஃப்., குறைந்தபட்சக் கூலி எதுவும் பொருந்தாது. ஆகவே அந்த மாதங்களிலேயே மராத்தி தட்டச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். அரசு எழுத்தர் வேலைக்கு மராத்தியில் நிமிடத்துக்கு 30 சொல் அல்லது ஆங்கிலத்தில் 40 சொல் கேட்கிறார்கள். பேச்சு மராத்தி நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, எழுத்தில்தான் தடுமாறுகிறார்கள். அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் மதியங்கள் அதற்குப் போதும்.

முடிவில் தருகிற சான்றிதழோடு, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று அதிகாரி கையெழுத்திட்ட ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். அவர் இடமாற்றலாகிப் போவதற்கு முன்பே கேளுங்கள்.