மருந்தக நுட்புநர் பணிக்குச் சட்ட அங்கீகாரம் பெறுவது எப்படி: சங்கங்களுக்கும் வரைவுக் குழுக்களுக்கும் ஒரு வழிகாட்டி

பணியிடங்களில் பார்மசி டெக்னீஷியன் என்று அழைக்கப்படும் மருந்தக நுட்புநர், மருந்துச் சீட்டைப் பதிவு செய்வது, மருந்தை எடுத்து எண்ணி லேபிள் ஒட்டுவது, இருப்பையும் காலாவதித் தேதியையும் கவனிப்பது, மருத்துவமனையாக இருந்தால் தூய்மை அறையில் சிரைவழிக் கரைசல்களைக் கலப்பது என, மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும் வழியில் பல வேலைகளைச் செய்பவர். ஆனால் இந்த வேலைக்குச் சட்டத்தில் பெயரே இல்லாத இடங்களில், யார் வேண்டுமானாலும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். யார் யார் அதைச் செய்கிறார்கள் என்ற பட்டியலும் எங்கும் இருக்காது. இந்நிலையை மாற்ற முனையும் சங்கத்தினரும், மருந்தகத் துறைத் தலைவர்களும், விதிகளை வரைய அமர்பவர்களும் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் கோரிக்கையின் அடிப்படையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நோயாளிகளைக் காக்க வேண்டும் என்ற தேவை தெரிந்தால்தான் சட்டமன்றங்கள் ஒரு தொழிலை ஒழுங்குபடுத்த முன்வரும். ஆகவே சம்பளத்தையும் மதிப்பையும் முன்னிறுத்தி எழுதப்படும் மனுவைத் தொழிற்சங்கக் கோரிக்கை என்று சொல்லி எளிதில் ஒதுக்கிவிட முடியும். “எங்கள் கையால் நேரும் பிழைக்கு எங்கள் பெயரிலேயே பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கிறோம், அதற்கான ஏற்பாட்டைச் சட்டத்தில் செய்யுங்கள்” என்று தொடங்கும் மனுவை அப்படி ஒதுக்குவது கடினம்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்தது இதற்குச் சான்று. அங்கு 2006 இல் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவந்த சிறு குழந்தைக்கான கரைசல், 0.9 சதவீத உப்புநீருக்குப் பதிலாக 23 சதவீதத்துக்கும் மேற்பட்ட செறிவில் தயாரிக்கப்பட்டு, சரிபார்ப்பிலும் பிடிபடாமல் போய், குழந்தை இறந்தது. கலவையைத் தயாரித்தவர் ஒரு நுட்புநர். சரிபார்த்த மருந்தாளுநர் உரிமம் இழந்து சிறைக்கும் சென்றார். அப்போது அம்மாநிலச் சட்டம் நுட்புநருக்கு எந்தத் தகுதியையும் கட்டாயமாக்கியிருக்கவில்லை. 2009 இல் அங்கு நுட்புநர்களுக்கான தகுதிகளை வரையறுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய துயரம் நேர்ந்த பிறகே சட்டம் வர வேண்டும் என்பதில்லை. தங்கள் மருந்தகங்களில் நோயாளியைச் சென்றடையுமுன் பிடிபட்ட பிழைகளை, பெயர் நீக்கி, எந்தக் கட்டத்தில் தோன்றின, யார் கண்ணில் பட்டன என்று தொகுத்து வைத்திருக்கும் சங்கத்திடம் வேண்டிய சான்று ஏற்கெனவே இருக்கிறது.

முதல் வேலை: பணி வரம்பை எழுதுதல்

பாடத்திட்டம், தேர்வு, கட்டணம் ஆகிய எதையும் தொடுமுன், நுட்புநர் தன் பொறுப்பில் செய்யத்தக்கவை எவை, மருந்தாளுநரின் மேற்பார்வையில் மட்டும் செய்யத்தக்கவை எவை, எப்போதும் செய்யக்கூடாதவை எவை என்று எழுதி முடிக்க வேண்டும். இந்த ஆவணத்தில் அவசரப்பட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு விதியிலும் அதன் குறை தெரியும் என்பதால், முழு முயற்சியில் கணிசமான காலத்தை இதற்கே ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

கோடு கிழிக்க உதவும் பிரிவினை ஒன்று உண்டு. ஒரு மருந்துச் சீட்டின் மீது இரண்டு வகைச் சரிபார்ப்புகள் நடக்கின்றன. இந்த நோயாளிக்கு, இந்த வயதில், இந்த நோயோடும் அவர் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளோடும் சேர்த்துப் பார்க்கையில் இம்மருந்து பொருந்துமா என்பது சிகிச்சை சார்ந்த கேள்வி. அதற்கு மருந்தாளுநரே விடை சொல்ல வேண்டும். சீட்டில் எழுதிய மருந்தும் கையில் இருக்கும் மருந்தும் ஒன்றுதானா, வீரியம், எண்ணிக்கை, லேபிள், காலாவதித் தேதி எல்லாம் சரியா என்பது தொழில்நுட்பம் சார்ந்த கேள்வி. பயிற்சி பெற்ற நுட்புநர் இதற்கு முழுப் பொறுப்பேற்க முடியும். கனடாவில் நுட்புநர்களை ஒழுங்குபடுத்தியபோது இந்தப் பிரிவினையையே அடிப்படையாகக் கொண்டார்கள். ஒண்டாரியோ மாகாணத்தில் 2010 டிசம்பரில் பதிவு நடைமுறைக்கு வந்தபின், மருந்து வழங்கலின் தொழில்நுட்பப் பகுதிக்குப் பதிவுபெற்ற நுட்புநரே பொறுப்பாளி ஆனார்.

வரைவில் “உதவி செய்தல்”, “துணைபுரிதல்” போன்ற சொற்கள் வருமிடங்களை எல்லாம் அடிக்கோடிட்டு மாற்றி எழுதுங்கள். உதவுபவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. பொறுப்பில்லாத ஒருவருக்குப் பதிவேடு எதற்கு என்ற கேள்வி உடனே எழும். “இறுதித் தொழில்நுட்பச் சரிபார்ப்பைச் செய்து கையொப்பமிடுதல்” என்பதைப் போல, செயலும் அதன் முடிவும் தெரியும்படி எழுத வேண்டும். கல்லாவிலும் அலமாரியிலும் மட்டும் வேலை செய்யும் மருந்தக உதவியாளரை இந்த வரையறைக்குள் இழுக்காதீர்கள். எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணம், தகுதி வரம்பை மிகக் கீழே இறக்கிவிடும்.

கோட்டை ஒரே உயரத்தில் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜெர்மனியில் 1968 முதல் இத்தொழிலுக்குத் தனிச் சட்டம் உண்டு. பயிற்சி இரண்டரை ஆண்டு. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, இறுதித் தேர்வில் நல்ல தரம் பெற்று 3 ஆண்டு பணியாற்றியவருக்கோ, தரம் எதுவாயினும் 5 ஆண்டு பணியாற்றியவருக்கோ, தொடர்கல்விச் சான்று உள்ளிட்ட வேறு சில நிபந்தனைகளும் நிறைவேறினால், மேற்பார்வைக் கட்டாயத்தை மருந்தகப் பொறுப்பாளர் தளர்த்தலாம். ஊசிவழி மருந்துத் தயாரிப்பும் போதை வகை மருந்துகளும் அத்தளர்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. எந்த வேலையில் இடர் மிகுதி என்று தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதப்பட்ட விதி இது. “நுட்புநரால் எல்லாம் முடியும்” என்பதற்கும் “எதுவும் முடியாது” என்பதற்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்ட, வரைவுக் குழுவின் முன் வைக்கத்தக்க எடுத்துக்காட்டு.

எந்த அளவு ஒழுங்குமுறை

அடுத்து, எவ்வகை ஒழுங்குமுறையைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். சான்று, பட்டப்பெயர்ப் பாதுகாப்பு, கட்டாயப் பதிவு என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பேச்சுவார்த்தையில் சங்கத்துக்குத் தீங்காக முடியும்.

சான்று என்பது தேர்வு எழுதித் தேறியதற்கான ஆதாரம் மட்டுமே. அமெரிக்காவில் மருந்தக நுட்புநர் சான்று வாரியம் 1995 இல் தொடங்கப்பட்டது. அதன் தேர்வில் 90 வினாக்கள்; சான்றைத் தக்கவைக்க 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை 20 மணிநேரத் தொடர்கல்வி வேண்டும், அதில் ஒரு மணிநேரம் சட்டத்துக்கும் ஒரு மணிநேரம் நோயாளி பாதுகாப்புக்கும் உரியது. தரமான ஏற்பாடுதான். ஆயினும் அச்சான்று கட்டாயமா என்பதை ஒவ்வொரு மாநில மருந்தியல் வாரியமும் தனித்தனியே முடிவு செய்வதால், ஒரு மாநிலத்தில் செய்யத்தக்க வேலை எல்லை கடந்ததும் செய்யத்தகாததாகி விடுகிறது.

பட்டப்பெயர்ப் பாதுகாப்பு இன்னொரு படி. நெதர்லாந்தில் உரிய கல்வியை முடித்தவர் மட்டுமே மருந்தக உதவியாளர் (நுட்புநருக்கு இணையான பணிக்கு அங்கு வழங்கும் பெயர்) என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்று சுகாதாரத் தொழில்களுக்கான சட்டம் சொல்கிறது. ஆனால் மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் உள்ளதைப் போன்ற அரசுப் பதிவேடோ சட்டப்படியான ஒழுங்கு விசாரணை மன்றமோ அவர்களுக்கு இல்லை. கல்விமுறை வலுவாக உள்ள நாட்டில் இது போதுமானதாக இருக்கலாம்.

கட்டாயப் பதிவே முழுமையான வடிவம். பிரிட்டனில் 2011 ஜூலை 1 முதல், பொது மருந்தியல் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருந்தக நுட்புநர் என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்துவது குற்றம். (வடக்கு அயர்லாந்து அம்மன்றத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது.) ஒருவரின் பெயரும் பதிவு எண்ணும் இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. அந்த நாட்டு நுட்புநர் சங்கம் தொடங்கியது 1952 இல். கட்டாயப் பதிவு வந்தது ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பிறகு. இடையில் 2005 இல் விருப்பமுள்ளவர்களுக்கான பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. சட்டம் உடனே கிடைக்காத இடங்களில் இந்த இடைப்படியைக் கேட்டுப் பெறுவது பயனளிக்கும்: எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள், எங்கு வேலை செய்கிறார்கள் என்ற விவரம் கைக்கு வரும், பின்னால் கட்டாயமாக்கும்போது கணக்குத் தெரியாமல் விதி எழுத வேண்டியிருக்காது.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள்

சங்கங்கள் உள்ளுக்குள் பிளவுபடக்கூடிய இடம் இது. புதிய தகுதியை இன்று அறிவித்து நாளையே கட்டாயமாக்கினால், அனுபவம் மிகுந்தவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள், மருந்தகங்கள் ஆளில்லாமல் தவிக்கும். இருப்பவர்கள் அனைவரையும் கேள்வியின்றிச் சேர்த்துக்கொண்டால், பதிவேடு முதல் நாளிலேயே தன் பொருளை இழந்துவிடும்.

இரண்டு வழிகள் நடைமுறையில் இருந்திருக்கின்றன. பிரிட்டனில், கட்டாயப் பதிவுக்கு முன் ஓர் இடைக்காலம் கொடுத்து, பழைய தகுதிகளும் பணி அனுபவமும் உடையவர்களை மருந்தாளுநரின் உறுதிமொழியோடு பதிவுசெய்ய அனுமதித்தார்கள். கனடாவில், பழைய பயிற்சிக்கும் புதிய தகுதிக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் இணைப்புப் படிப்பையும் தேசியத் தகுதித் தேர்வையும் ஏற்கெனவே பணியில் இருந்தவர்களிடமும் கேட்டார்கள். அவ்வழியில் வர விரும்பாதவர்கள் குறைந்த பணி வரம்போடு உதவியாளராகத் தொடரலாம். எனக்கு இரண்டாவதே ஏற்புடையதாகப் படுகிறது, ஏனெனில் இறுதிச் சரிபார்ப்பைச் செய்யப்போகிறவரின் திறனை ஒருமுறையேனும் வெளியாள் ஒருவர் சோதித்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு விலை உண்டு: படிப்பை வேலைநேரத்துக்கு வெளியே, சிறு பகுதிகளாக, பணியிடத்துக்கு அருகிலோ இணையவழியிலோ படிக்கும்படி அமைக்காவிட்டால், குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் தகுதியிருந்தும் விலகிவிடுவார்கள். இடைக்காலம் எந்தத் தேதியில் முடியும் என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். முடிவுத் தேதி இல்லாத சலுகை நிரந்தர விலக்காக மாறும்.

புதிதாக வருபவர்களுக்கான கல்வியைப் பொறுத்தவரை, வகுப்பறைக் கல்வியும் மேற்பார்வையிட்ட பணிப்பயிற்சியும் சேர்ந்திருப்பது இன்றியமையாதது. டென்மார்க்கில் இதற்கு இணையான பணிக்கு 3 ஆண்டுக் கல்வி தருகிறார்கள். பிரிட்டனில் 2 ஆண்டுப் பயிற்சி. கால அளவு அந்தந்த இடத்தின் பணி வரம்பைப் பொறுத்தது, ஆகவே வரம்பை எழுதி முடிக்காமல் ஆண்டுக் கணக்கைப் பேசுவதில் பயனில்லை.

முறையீடு, தொடர்கல்வி, காப்பீடு

பதிவேட்டில் சேர்ப்பதற்கான விதியை எழுதும் அதே அக்கறையோடு, அதிலிருந்து நீக்குவதற்கான விதியையும் எழுத வேண்டும். முறையீட்டை யார் தரலாம், யார் விசாரிப்பார், எச்சரிக்கை, நிபந்தனை, இடைநீக்கம், நீக்கம் ஆகியவற்றை எந்நிலையில் விதிக்கலாம், மேல்முறையீடு எங்கே என்பவை தெளிவாக இருக்க வேண்டும். விசாரணைக் குழுவில் நுட்புநர் ஒருவரும், இத்துறைக்கு வெளியே உள்ள பொதுமக்கள் பிரதிநிதி ஒருவரும் இடம்பெறச் சங்கம் வலியுறுத்தலாம். தானே முன்வந்து பிழையை அறிவித்தவரையும் மறைத்தவரையும் ஒரே தட்டில் வைத்துத் தண்டிக்கும் விதி, பிழைகளை இருட்டில் தள்ளிவிடும்.

தொடர்கல்வியை மணிநேரக் கணக்கால் மட்டும் அளப்பதில் எனக்கு ஐயம் உண்டு. பிரிட்டனில் பதிவுபெற்றவர் ஆண்டுதோறும், கற்றவை பற்றிய 4 பதிவுகள், சக பணியாளரோடு நடத்திய உரையாடல் ஒன்று, தன் பணியைத் தானே ஆராய்ந்து எழுதும் குறிப்பு ஒன்று என 6 பதிவுகளைத் தர வேண்டும். இது செலவும் குறைவு, தூங்கி எழுந்து பெறும் வருகைச் சான்றைவிடப் பொருளும் உடையது.

தொழில்முறைக் காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். தன் பெயரில் கையொப்பமிடுபவர் தன் பெயரில் வழக்கையும் சந்திக்க நேரலாம். வேலை தருபவரின் காப்பீடு நுட்புநரையும் உள்ளடக்குகிறதா என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பதிவுக் கட்டணமும் அவ்வாறே. அதை யார் செலுத்துவது என்ற பேச்சைச் சட்டம் வந்தபின் தொடங்கினால் சுமை பணியாளர் தலையில்தான் விழும்.

மருந்தாளுநர்களோடு பேசுதல்

தங்கள் வேலையை மலிவான கைகளுக்கு மாற்றுகிறார்கள் என்ற அச்சம் மருந்தாளுநர்களிடம் எழுவது இயல்பு. சில முதலாளிகள் அப்படிச் செய்யவும் கூடும் என்பதால் அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பணி வரம்பு ஆவணத்தை மனுவாகும் முன்பே அவர்கள் சங்கத்திடம் கொடுத்துத் திருத்தம் கேட்பதும், ஒரு மருந்தாளுநரின் கீழ் எத்தனை நுட்புநர்கள் பணியாற்றலாம் என்பதைத் திறந்த மனத்தோடு பேசுவதும், நுட்புநர் தன் சரிபார்ப்புக்குத் தானே பொறுப்பு என்பதைச் சட்டச் சொற்களில் காட்டுவதும் பயன்தரும். தான் செய்யாத பிழைக்குத் தன் உரிமத்தை இழக்கும் நிலை மாறும் என்று தெரிந்தபின் பேச்சின் தொனி மாறும்.

சட்டம் வந்த பிறகு

பதிவு தொடங்கியதும் ஒவ்வொரு மருந்தகத்தின் செயல்முறை ஏடுகளையும் பணி விளக்கங்களையும் புதிய வரம்புக்கேற்ப மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பதிவெண் இருக்கும், வேலை பழையபடியே நடக்கும். பணி வரம்பு ஒரே நாளில் விரிவதில்லை: பிரிட்டனில் கட்டாயப் பதிவு வந்து 13 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில்தான், தனி மருந்துச் சீட்டு இல்லாமலே, குறிப்பிட்ட வகை நோயாளிகளின் குழுவுக்கென முன்கூட்டி எழுதப்பட்ட நெறிமுறையின்படி மருந்து வழங்கவும் செலுத்தவும் பதிவுபெற்ற நுட்புநர்களுக்கு அதிகாரம் கிடைத்தது. அப்படி அடுத்த விரிவாக்கத்தைக் கேட்கும் நாளில், பதிவுக்கு முன்பும் பின்பும் சரிபார்ப்பில் பிடிபட்ட, தப்பிய பிழைகளின் ஒப்பீடு மேசைமேல் இருக்க வேண்டும்; அதற்கான படிவத்தைப் பதிவு தொடங்கும் மாதத்திலேயே எல்லா மருந்தகங்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.