ஹக்கிள்பெரி ஃபின் படிக்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடம்

மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைத் தொடங்குமுன் முதல் பக்கத்தில் இரண்டு காலங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்: கதை நடப்பது 1830–40களில், அமெரிக்காவில் நூல் வெளிவந்தது 1885இல். நடுவே, 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 1877க்குப் பின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் உரிமைகள் மறுபடி பறிபோகத் தொடங்கின. ட்வெய்ன் நாவலை எழுதி முடித்தது அந்தச் சூழலில்தான்.

அடுத்து, மிசிசிப்பி ஆற்றின் வரைபடம் கட்டாயம் வேண்டும். பலரும் தடுமாறும் கேள்வி இது: மிசௌரியில் அடிமையான ஜிம், எதிர்க்கரையிலேயே அடிமை முறை இல்லாத இல்லினாய் மாநிலம் இருக்க, ஏன் தெற்கே போகிறான்? 1793ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியவரை உரிமையாளர் அங்கும் பிடித்துச் செல்லலாம். விடுதலைப் பத்திரம் இல்லாத கறுப்பினத்தவரை இல்லினாய் சட்டமும் நிம்மதியாக விடவில்லை. எனவே இல்லினாயின் தென்முனையிலுள்ள கெய்ரோ நகர் வரை தெப்பத்தில் மிதந்து, அங்கே கலக்கும் ஒஹாயோ ஆற்றில் நீராவிப் படகேறி வடக்கே போவதுதான் திட்டம். 15ஆம் அத்தியாயத்தின் மூடுபனியில் கெய்ரோ தவறுகிறது. அதன்பின் தெப்பம் தெற்கே, அடிமை மாநிலங்களுக்குள் போகும் ஒவ்வொரு மைலும் ஆபத்தை நெருங்குகிறது. இது தெரியாவிட்டால் பாதிக் கதை வெறும் ஆற்றுப் பயணமாகவே தோன்றும்.

31ஆம் அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள். ஜிம்முக்கு உதவுவது சட்டப்படி திருட்டு. அவனுடன் தெப்பத்தில் வரும் சிறுவன் ஹக் வளர்ந்த ஊரின் தேவாலயப் போதனைப்படி பாவம். ஜிம் இருக்குமிடத்தை அவனது உரிமையாளருக்குத் தெரிவிக்க ஹக் ஒரு கடிதம் எழுதுகிறான்; நரகத்துக்கே போவோம் என்று உண்மையாக நம்பித்தான் அந்தக் கடிதத்தைக் கிழிக்கிறான்.