கரைக்குப் போகாமல் முடித்த ப்ராஜெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நாட்காட்டி: ஒன்று கல்லூரியுடையது, இன்னொன்று கடலுடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ப்ராஜெக்ட்டுக்குத் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. கடைசி செமஸ்டர் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்குகிறது. தலைப்பு, அனுமதி, நிரல் என்று மூன்று மாதம் ஓடிவிடும். “இனி மீன் ஏலக்காரரிடம் கொண்டுபோய்ச் சோதித்துவிடலாம்” என்று கிளம்பும்போது ஏப்ரல் பாதி ஆகியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டோ வெளியூர் வேலைக்குப் போயோ இருப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. கொஞ்சம் மீன் வரும். ஆனால் நீங்கள் செய்து வைத்திருப்பது விசைப்படகு மீன் ஏலக் கணக்குக்கான மென்பொருள்.

தடைக்காலம் இல்லாத மாதங்களிலும் ராமேஸ்வரம் விசைப்படகு தினமும் இறங்குவதில்லை. வாரத்தில் சில நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மீன்வளத்துறை டோக்கன் தந்தால்தான் விசைப்படகு போகும். காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. அறிக்கையில் அழகாக வரைந்திருக்கும் கால அட்டவணையில் இதில் ஒன்றுகூட இருக்காது. ஜனவரியிலேயே கரைக்குப் போங்கள். நிரல் ஒரு வரிகூட எழுதியிருக்க வேண்டாம்.

மீன் ஏலக் கணக்கையே எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுகிறேன். கீழக்கரை ஜவுளிக் கடையோ, ஏர்வாடி லாட்ஜோ, மண்டபம் கடற்பாசிக் குழுவோ, எதை எடுத்தாலும் தவறுகள் இவையேதான்.

தலைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்று ஆயிரம் தடவை செய்ததையே செய்வது பாவம் ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கிவருவதுதான் பாவம், அதுவும் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தெரிந்துபோகிற பாவம். உச்சிப்புளி மாணவர் செய்ததாகச் சொல்லும் மென்பொருளில் முகவரிப் பக்கத்தைத் திறந்தால் டெக்சாஸும் கலிபோர்னியாவும் வரிசையாக நிற்கும். எதிர்ப்பக்கத் தவறு, தலைப்பை ஊதிப் பெருக்குவது. ‘செயற்கை நுண்ணறிவு மூலம் மீன் இருக்கும் இடத்தைக் கண்டறிதல்’ என்று எழுதும்முன், ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவை வைத்து மீன்வளப் பகுதி அறிவிப்பைப் பல காலமாகத் தந்துவருகிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். ‘படகை நேரலையில் பின்தொடரும் செயலி’ என்பவர்கள், கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே சாதாரண செல்போனில் சிக்னல் நின்றுவிடும் என்பதை ஒரு படகு டிரைவரிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள். சாத்தியக்கூறு ஆய்வு என்ற அத்தியாயம் இதற்குத்தான். அதில் ‘தொழில்நுட்பரீதியாகச் சாத்தியம், பொருளாதாரரீதியாகச் சாத்தியம்’ என்று இரண்டு வரி எழுதி மூடிவிடுகிறார்கள்.

என்ன வேணும் என்று கேட்பது

தேவைகளைத் திரட்டும் கட்டத்தில்தான் பாதி ப்ராஜெக்ட் சாகிறது. பாம்பன் ஏலக்காரரிடம் போய், “அண்ணே, உங்களுக்கு எப்படி சாப்ட்வேர் வேணும்?” என்றால், “கணக்குச் சரியா வரணும் தம்பி, அம்புட்டுத்தான்” என்பார். மாணவரும் ‘பயனருக்குத் துல்லியமான கணக்கு தேவைப்படுகிறது’ என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. தனக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று யோசிப்பது அவர் வேலையே இல்லை, அது உங்கள் வேலை. “போன சனிக்கிழமை நோட்டைக் கொஞ்சம் காட்டுறீகளா?” என்று கேளுங்கள். படகு, சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) பெயர், மீன், கூடை, விலை, யார் எடுத்தது என்று வரிசையாக இருக்கும். ஓரத்தில் ஒரு தொகையைச் சுழித்திருந்தால், அதைத்தான் கேட்க வேண்டும்.

அது பெரும்பாலும் முன்பணமாக இருக்கும். வலைக்கோ எஞ்சினுக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, பாட்டை (பிடித்த மீனை) அவருக்கே போட வேண்டும் என்ற ஏற்பாடு இந்தக் கரையில் பரவலாக உண்டு. ‘அதிக விலை கேட்டவருக்கே மீன்’ என்று ஏல விதியை எழுதிவிட்டால், முன்பணம் வாங்கிய எந்தப் படகுக்கும் உங்கள் மென்பொருள் பொருந்தாது. அடுத்தது பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிச்சத்தைச் சம்மாட்டிக்கும் ஆட்களுக்கும் பிரிப்பார்கள். என்ன விகிதம் என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஒரு படகில் கேட்ட விகிதத்தை நிரலுக்குள் எண்ணாக எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறைய. அந்த எண் இருக்க வேண்டிய இடம் படகின் பதிவு. அது என்றைக்கிலிருந்து நடப்பில் உள்ளது என்ற தேதியும் கூடவே வேண்டும்.

சம்மாட்டியையும் ஏலக்காரரையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது இன்னொரு குறை. கூடையில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்கள், கருவாடு போடுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள், பலர் கடன் கணக்கில். நாலு பேர் சேர்ந்து ஒரு கூடையை எடுத்தால் பற்று யார் பெயரில் விழும்? ஓர் அக்காவிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசாமல் இந்தக் கேள்வியே உங்களுக்குத் தோன்றாது. சாட்ஜிபிடியிடம் தேவைப் பட்டியல் கேட்டு ஒட்டுகிறவர்களின் அறிக்கையில் ‘துறைமுக மேலாளர் ஒப்புதல் அளிப்பார்’ என்று வரும். அப்படி ஓர் ஆளை எந்தக் கரையில் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

கேட்கக் கூடாததைக் கேட்பதும் உண்டு. ‘மீன் பிடித்த இடம்’ என்று ஒரு கட்டாயக் கட்டம் வைத்திருந்த படிவத்தைப் பார்த்திருக்கிறேன். 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையறுத்த கடல் எல்லை பக்கத்திலேயே கிடக்கிறது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடிப்பது இங்கே தொடர்ந்து நடக்கிற விஷயம். அந்தக் கட்டத்தில் யாராவது உண்மையை எழுதுவார்களா? கட்டாயம் என்று வைத்ததால் எதையாவது எழுதிவைப்பார்கள், அவ்வளவுதான். ஏலக் கணக்குக்கு அந்தத் தகவல் தேவையும் இல்லை. ஆதார் எண்ணும் அப்படித்தான். எதற்கு என்று தெரியாமலேயே எல்லாப் படிவத்திலும் ஓர் ஆதார் கட்டம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது.

வரைபடமும் அட்டவணையும்

நிரலை முடித்துவிட்டு, அதைப் பார்த்து வரைபடம் போடும் பழக்கம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. தேர்வாளர் ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்: “இந்த வரைபடத்தைப் பார்த்து உங்கள் வடிவமைப்பில் எதை மாற்றினீர்கள்?” தரவு ஓட்ட வரைபடத்தில் சில தவறுகள் எப்போதும் வரும். ஒரு செயலுக்குள் தரவு போகும், எதுவும் வெளியே வராது. அல்லது எதுவுமே உள்ளே போகாமல் ‘பட்டியல்’ மட்டும் வெளியே வரும். ஒரு தரவுக் கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு நேராகக் கோடு இழுத்திருப்பார்கள், நடுவில் செயலே இருக்காது. முதல் நிலைப் படத்தில் வியாபாரியிடமிருந்து இரண்டு ஓட்டம், அடுத்த நிலையில் விரித்தால் மூன்று. இடையில் முளைத்த ஒன்றுக்கு யாரும் பொறுப்பில்லை.

‘நாங்கள் நீர்வீழ்ச்சி மாதிரியைப் பின்பற்றினோம்’ என்று ஒரு பக்கம் படத்தோடு இருக்கும். அந்தப் படத்தின் மூலமாகச் சொல்லப்படும் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வின்ஸ்டன் ராய்ஸே, ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் மட்டும் சோதிக்கும் முறை ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று எழுதியிருக்கிறார். ஐம்பது வருடமாகப் படத்தை மட்டும் நகலெடுக்கிறோம்.

தரவுத்தள வடிவமைப்பில் அடிக்கடி பார்க்கும் தவறு, மீன் அட்டவணையிலேயே விலையை வைப்பது. திங்கட்கிழமை நண்டு ஒரு விலை, புதன்கிழமை வேறு விலை. புதன்கிழமை விலையை மாற்றியதும் திங்கட்கிழமை பில்லும் மாறிவிடும்! ஒரே நாள் காலையிலேயே முதல் கூடைக்கும் கடைசிக் கூடைக்கும் விலை வேறு. விலை விற்பனை வரியோடு சேர வேண்டியது. சம்மாட்டி பெயரும் இதே கதை: படகு கைமாறினால் பழைய கணக்கு பழைய சம்மாட்டி பெயரிலேயே நிற்க வேண்டும். ‘மூன்றாம் இயல்பு நிலை வரை கொண்டுவந்தோம்’ (ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரித்தோம்) என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் மீன்1, மீன்2, மீன்3 என்று நெடுவரிசைகள் வைத்த அட்டவணையை அச்சிடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? நாலாவது மீன் வந்தால் எங்கே போடுவீர்கள்?

அளவும் அப்படி. நண்டு, இறால் கிலோவில் போகும். காரலும் சூடையும் கூடையாகவே போகலாம். ‘எடை’ என்று ஒரே கட்டம் வைத்தால் கூடைக்காரர் அதில் 1 என்று போடுவார், மாதக் கடைசியில் ஒரு கிலோ காரல் ஆயிரக்கணக்கில் விற்றதாக அறிக்கை வரும். அலகு தனிக் கட்டம். தேதியும் ஒன்று போதாது. திங்கள் காலையில் இறங்கிய படகு செவ்வாய் காலையில் கரை சேரும். டீசல் வாங்கியது திங்கள், மீன் விற்றது செவ்வாய். பங்கு பிரிப்பது அந்த ஒரு தடவைப் போக்குவரத்துக்கு. அதற்குத் தனியாக ஓர் அட்டவணை இல்லையென்றால் செலவும் வரவும் சேரவே சேராது. பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக (float) வைக்காதீர்கள், பைசா கணக்கு கசியும்.

தமிழ் படுத்தும் பாடு

திரையில் தமிழ் வேண்டும் என்று ஏலக்காரர் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்பில் இயல்பு எழுத்துத்தொகுப்பு லத்தீன்1. அதை மாற்றாமல் தமிழைப் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதான் நிற்கும். எட்டாம் பதிப்பிலிருந்து இயல்பே யூனிகோடுதான், ஆனால் ஆய்வகக் கணினியில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இன்னொன்று நீளம். ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று வைப்பீர்கள். ‘தங்கச்சிமடம்’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. புள்ளியும் ‘சி’யின் இகரக் குறியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால் கணினிக்குப் பன்னிரண்டு. பில்லை பி.டி.எஃப். ஆக்கும்போது சில நூலகங்கள் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். முதல் வாரமே ஒரு தமிழ் பில்லை அச்சடித்துப் பார்த்துவிட வேண்டும்.

சோதனைப் பட்டியலைத் திறந்தால் இருபது வரி, இருபதிலும் ‘வெற்றி’. உள்நுழைவுப் பக்கத்தில் சரியான கடவுச்சொல், தவறான கடவுச்சொல் என்று ஆரம்பித்து அதிலேயே பத்து வரி ஓட்டியிருப்பார்கள். படகு வெறுங்கையோடு திரும்பினால்? செலவு வரவைவிடக் கூடினால் பங்கு மைனஸில் வருமா, அடுத்த தடவைக்குப் போகுமா? ஏலம் எடுத்தவர் பாதியைத் திருப்பிக் கொடுத்தால்? தோற்ற சோதனை ஒன்றைக் காட்டி, எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிற மாணவருக்கு நான் தயங்காமல் கூடுதல் மதிப்பெண் போடுவேன். நோட்டிலிருந்து ஒரு வாரக் கணக்கை எடுத்து மென்பொருளில் போட்டு, இரண்டு கூட்டுத்தொகையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது போல ஒரு சோதனை வேறில்லை. பொருந்தாவிட்டால் உங்களுக்குத் தெரியாத ஒரு கழிவு அங்கே இருக்கிறது, திரும்பப் போய்க் கேட்க வேண்டும். அதற்காகத்தான் ஏப்ரல் 15-க்கு முன்னால் என்கிறேன்.

வைவா நாளன்று இணையத்தை நம்பாதீர்கள். பக்க வடிவமைப்புக் கோப்புகள் வெளிச் சர்வரிலிருந்து வருவதாக இருந்தால், இணைப்பு போனதும் திரை மொட்டையாக நிற்கும். எல்லாவற்றையும் கணினியிலேயே இறக்கி வையுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’ என்று பெயர் மாற்றிக்கொண்டிராமல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) பயன்படுத்துங்கள். குழுவில் யார் எந்தப் பகுதியைச் செய்தார்கள் என்று தேர்வாளர் கேட்டால் அதன் பதிவே பதில் சொல்லும். முடித்ததைக் கிட்ஹப் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றப்போகிறீர்கள் என்றால், ஏலக்காரர் நம்பிக் கொடுத்த நோட்டுக் கணக்கில் உள்ள பெயர்களையும் போன் எண்களையும் கடன் தொகைகளையும் முதலில் எடுத்துவிட்டு, மாதிரித் தரவைப் போட்டு ஏற்றுங்கள். பழைய பதிவுகளிலும் அவை தங்கியிருக்கும் என்பதால், புதிதாக ஒரு களஞ்சியம் தொடங்கி ஏற்றுவதே சுலபம்.