எண்ணூர்ச் சேற்றைச் சலித்து மாசு அளப்பது எப்படி

துறைமுகத் தண்ணீர் ஓதத்துக்கு ஓதம் மாறும்; காலையில் மிதந்த எண்ணெய் மாலையில் இருக்காது. அடிச்சேற்றில் வளை போட்டிருக்கும் புழுவும் சிப்பியும் எங்கே போகும்? அனல்மின் சாம்பல் படிந்த, 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் கொட்டிய எண்ணூர்ப் பகுதியில் அவற்றை எண்ணிப் பார்ப்பதே நம்பகமான வழி.

மாசு படாத ஒப்பீட்டு இடத்தைத் தேர்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஆழமும் மண்ணின் பருமனும் ஒத்திருக்க வேண்டும். வெளிக்கடல் மணலையும் கழிமுகக் களியையும் ஒப்பிட்டால் கிடைப்பது மண் வித்தியாசம், மாசு அல்ல.

அடிச்சேற்றைக் கடித்து அள்ளிவரும் இரும்பு வாளியான வான் வீன் கிராப், 0.1 சதுர மீட்டர் அளவில் போதும். சிறு படகென்றால் 0.04, எதை எடுத்தாலும் கடைசிவரை அதே அளவு. ஓர் இடத்தில் மூன்று அள்ளல், மண் பருமனுக்கும் கரிமக் கார்பனுக்கும் தனியாக ஒன்று. கடைசி இரண்டு மீட்டரை மெதுவாக இறக்குங்கள். வேகமாக விழுந்தால் மேல்படலம் கலைந்துபோகும், சின்ன உயிர்கள் இருப்பது அங்கேதான். கிராப்பின் வாயில் சிப்பியோ கயிறோ சிக்கி ஒழுகி வந்தால் கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள். சேற்றில் 7 செ.மீ., மணலில் 5 செ.மீ. ஆழமாவது கடித்திருக்க வேண்டும். இறுகிய சாம்பல் தரையில் இது அடிக்கடி தவறும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா, ஆக்சிஜனற்ற கறுப்பு அடுக்கு எத்தனை செ.மீ.யில் தொடங்குகிறது என்பதை அங்கேயே குறித்துவிடுங்கள்.

சல்லடை 0.5 மி.மீ. 1 மி.மீ. என்றால் நம் கடலின் நூல் புழுக்கள் பாதி நழுவிவிடும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம், புழு துண்டுதுண்டாகும். டப்பில் தண்ணீர் நிரப்பி, சல்லடையை அரையளவு முக்கி அசைத்தால் சேறு தானே இறங்கும். கடைசிவரை மிஞ்சுவது சிப்பித்தூளும் நாரும், நடுவே செந்நூல் போலச் சுருண்ட புழுக்களும்.

பதப்படுத்துவதில் ஒரு குழப்பம் உண்டு. கடை ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு 37–40 சதவீதம். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர் சேர்த்தால் 10% ஃபார்மலின், அதாவது ஏறத்தாழ 4% ஃபார்மால்டிஹைடு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து 4% ஃபார்மலின் ஊற்றினால் புழு அழுகும். வெண்காரம் போடாவிட்டால் அமிலத்தில் சிப்பி ஓடு கரையும். ரோஸ் பெங்கால் சாயம் கொஞ்சம் சேர்த்தால் பொறுக்குவது எளிது. கையுறையோடு, காற்றோட்டத்தில் செய்யுங்கள். ஓரிரு வாரத்தில் கழுவி 70% ஆல்கஹாலுக்கு மாற்றிவிடலாம்.

எண்ணும்போது தலை மட்டும்தான் கணக்கு. வால் துண்டையும் வெற்று ஓட்டையும் விடுங்கள். எண்ணெய் பட்டால் முதலில் காணாமல் போவது இறால் இனத்தை ஒத்த சிற்றுயிர்களான ஆம்பிபாடுகள். கரிமக் கழிவு சேர்ந்தால் பெருகுவது கேப்பிடெல்லா என்ற புழு. ஆம்பி (AMBI) என்ற மாசுக் குறியீட்டில், மாசைத் தாங்காதவை முதல் மாசில் செழிப்பவை வரை உயிர்களைப் பிரித்த ஐந்து குழுக்களுக்கும் 0, 1.5, 3, 4.5, 6 என எடை. மூன்றாம் குழு 20%, நான்காவது 30%, ஐந்தாவது 50% என்றால் 0.6 + 1.35 + 3 = 4.95. 5-ஐத் தாண்டினால் கடும் மாசு. எந்தக் குழுவிலும் சேராத உயிர்கள் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். நம் இனங்கள் பல பட்டியலில் இல்லை.

பெரிய பொறி வேறு. புதிதாகத் தூர்வாரிய தரையிலும் முதலில் குடியேறுவது இதே கேப்பிடெல்லாதான். வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலையாற்று நன்னீர் இறங்கினாலும் பல இனங்கள் சாகும். ஆகவே தூர்வாரிய தேதிகளைத் துறைமுகத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுதோறும் மழைக்கு முன், ஒரே மாதத்தில் அள்ளுங்கள். கேப்பிடெல்லா மிகுந்தும் கரிமக் கார்பன் குறைவாக, கறுப்பு அடுக்கும் இல்லாமல், சிப்பிகளில் குஞ்சு மட்டுமே இருந்தால், மாசென்று எழுதுமுன் தூர்வாரிய தேதியைப் பாருங்கள்.